எழுதிக் கொடுக்காதவள்

பிரேமலதா ஒன்பது வருஷம் வளைகுடா நாடொன்றில் நர்ஸாக இருந்தவள். அங்கே அவள் வார்டில் ஹாலா என்றொரு சூடான்கார நர்ஸ். அரச குடும்பத்துக்கு ஒரு மாடியையே ஒதுக்கிவிட்டு மற்ற நோயாளிகளை வராந்தாவில் கிடத்துகிறார்கள் என்று எல்லாரும் பார்க்கும்படி போனில் நாலு வரி எழுதிப் போட்டாள். மறுநாள் ரெண்டு பேர் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சாயங்காலத்துக்குள் டூட்டி லிஸ்டில் அவள் பெயர் இல்லை. எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பிரேமலதாவும் கேட்கவில்லை. ஹாலாவின் நோயாளிகளுக்கும் சேர்த்து ஊசி போட்டாள்.

ஊருக்குத் திரும்பியபின், கோவில்பட்டிக்குக் கிழக்கே, புருஷன் காளிராஜின் கரிசல் காட்டில் பருத்தி போட்டார்கள். பக்கத்தில் கல்குவாரி. வெடி வைக்கும்போதெல்லாம் கிணற்றுச் சுவர் உதிர்ந்தது. மே தினக் கிராமசபையில் பிரேமலதா எழுந்தாள்.

"இதுக்கு அனுமதி குடுத்தது யாரு? பேப்பரைக் காட்டுங்க."

முப்பது பேர் கைதட்டினார்கள்.

மூணாம் நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எஸ்.ஐ. நாற்காலி போடச் சொன்னார். டீ வந்தது, கூடவே ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும்.

"ஒண்ணுமில்லம்மா. இனிமே பொது இடத்துல பிரச்சினை பண்ண மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"குடுக்கலைன்னா?"

"கோவில்பட்டியில அதிகாரி முன்னால ஆஜராகணும். வக்கீல் வச்சுக்கிடலாம், அது உங்க உரிமை. நடையா நடக்கணும், அவ்வளவுதான்."

அவர் மிரட்டவில்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரிதான் சொன்னார். பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கோபமும் வரவில்லை. ஹாலாவிடம் இப்படி ஒரு தாளை யாரும் நீட்டியிருக்க மாட்டார்கள் என்று மட்டும் தோன்றியது. பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். ஒருத்தரும் தடுக்கவில்லை.

வெளியே காளிராஜ் நின்றிருந்தான். "என்னட்டி, எழுதிக் குடுத்துட்டியா?"

"எழுதலை."

அவன் பைக்கை உதைத்தான்.

கைதட்டிய முப்பது பேரும் அதன்பிறகு அவளைக் கண்டால் போனைக் குனிந்து பார்த்தார்கள். அவர்கள் மேல் அவளுக்கு வருத்தமில்லை. வார்டில் அவளும் அப்படித்தான் குனிந்து நின்றாள். ஹாலாவைப் போல இவர்களை யாரும் கூட்டிக்கொண்டு போய்விட மாட்டார்கள். அது இவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் குனிந்தார்கள்.

நோட்டீஸ் வந்தது. மூன்று தடவை கோவில்பட்டிக்குப் போனாள். மூன்று தடவையும் வாய்தா. குவாரியில் வெடி நிற்கவில்லை. ஒரு மத்தியானம் கிணற்றின் ஒரு பக்கச் சுவர் முழுசாக உள்ளே சரிந்தது. அன்றைக்கும் சோறு பொங்கினாள், சாப்பிட்டாள். உப்புப் போட்டோமா இல்லையா என்று தெரியவில்லை.

நாலாம் தடவை பஸ்ஸில் சீனித்தாய் ஏறினாள். அடுத்த காட்டுக்காரி, தீப்பெட்டித் தொழிற்சாலையிலும் வேலை பார்ப்பவள். கிராமசபைக்கே வராதவள்.

"தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகலையா?"

"லீவு சொல்லிட்டேன். எங்க கிணறும் இடியுது. நானும் வந்து சொல்லுதேன். எம்பேரையும் எழுதிக்கிடட்டும்."

பிரேமலதாவுக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். கண்டக்டர் வந்ததும், "கோவில்பட்டி ரெண்டு" என்றாள்.