எண்பத்தெட்டாம் நிமிடத்துக் கொடி

“பந்து அனிருத் கால்லேருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே ஜேசன்—”

“ஓடிட்டான்னு சொல்லாத சார், பறந்துட்டான்னு சொல்லு! இன்னா அவசரம் அவனுக்கு? கடைசி பஸ்ஸு போயிடுமா?”

“அதைத்தான்யா நானும் சொல்ல வரேன், என்னை முடிக்க விடு—”

“நீ முடிக்கறதுக்குள்ள பெருங்களத்தூரே வந்துடும்.”

பெருங்களத்தூர் வருகிற மாதிரி தெரியவில்லை. தீபாவளிக்கு இரண்டே நாள். இரும்புலியூரைத் தாண்டியதிலிருந்து ஜிஎஸ்டி சாலை முழுக்க ஊருக்குப் போகிற பேருந்துகள் ஒன்றின் முதுகை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றன. ஸ்ரீநிவாசராகவனின் கார் இருபது நிமிடமாக ஒரே ஆம்னி பஸ்ஸின் பின்னால், அதன் புகையைக் குடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது.

பின் சீட்டில் ஜன்னலோரம் இருந்த ஞானஜோதி டீச்சருக்கு வெளியே இருந்த இரைச்சல்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. ஹாரன் அடிப்பவன் தனக்குக் கால்பந்து தெரியும் என்று சொல்லிக்கொள்வதில்லை.

முன் சீட்டில் இருந்த இருவரும் சொல்லிக்கொண்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஸ்ரீநிவாசராகவன் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலில் பந்து பட்டு ஐம்பது வருஷம் ஆகியிருக்கும், அதுவும் தப்பிப் பட்டதாக இருக்கும். பக்கத்தில் சவுரிமுத்து, ரயில்வேயில் இருந்தவர். மைதானத்துக் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதையே ஒரு விளையாட்டாக ஆடியவர். பின்னால் ஞானஜோதிக்குப் பக்கத்தில் அவள் கணவர் வேதசிரோமணி. மூன்று ஆண்களும் தாம்பரத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அந்தக் கல்லூரிக் கால்பந்து அணி எங்கே ஆடினாலும் போய்விடுவார்கள். ஞானஜோதி அங்கே படித்தவள் இல்லை. படித்தவரைக் கட்டிக்கொண்டதற்காக நாற்பத்திரண்டு வருஷமாக மைதானத்து வெயிலில் உட்கார்ந்திருப்பவள். அதில் ஒரு நன்மை, ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று அவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

இன்றைக்கு அரையிறுதி. கல்லூரி இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. எண்பத்தெட்டாம் நிமிடத்தில் ஜேசன் பந்தை வலைக்குள் தள்ளினான். சமம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிட்டார். ஆஃப்சைடு. அனிருத் பந்தை அடித்தபோதே ஜேசன் எதிரணி டிஃபென்டரைத் தாண்டி நின்றானாம்; கோல் செல்லாது.

அந்த லைன்ஸ்மேன்தான் இப்போது ஞானஜோதியின் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியிருந்த ஜன்னல் வழியாக ஒரு பட்டாசுக் கடையை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

வர வேண்டிய லைன்ஸ்மேன் இதே போக்குவரத்தில் எங்கோ மாட்டிக்கொண்டார். ரெஃப்ரி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார், யாராவது ஒரு பக்கம் நிற்கிறீர்களா என்று. எதிரணிக்காரர்கள்கூட, “வேதசிரோமணி சார்னா எங்களுக்குச் சம்மதம்” என்றார்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நேர்மைக்கு அந்த வட்டாரத்தில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். எழுபது வயதில், பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டுக்கொண்டு கோட்டோரம் ஓடினார்.

“கோலி கேஷவ மட்டும் விட்ருவியா?” சவுரிமுத்து திரும்பினார். “மொத கோலு எப்டி வுட்டான் பாத்தியா? வாசல்ல நின்னு, வாங்க வாங்கன்னு பந்த வூட்டுக்குள்ள கூப்ட்ட மாதிரி.”

“கேஷவை விடு. அவன் எப்பவுமே விருந்தோம்பல்தான். பிரணவ் மூணு தடவை கீழே விழுந்தானே, ஒரு தடவையாவது யாராவது அவனைத் தொட்டாளோ?”

“காத்து தொட்டுச்சு சார்.”

இருவரும் சிரித்தார்கள். தோற்ற ஆட்டத்தில் இவர்களுக்கு இருக்கிற சந்தோஷம் ஜெயித்த ஆட்டத்தில் இருந்ததில்லை என்று ஞானஜோதி நினைத்துக்கொண்டாள். ஜெயித்தால் பேச என்ன இருக்கிறது?

“சரி, மணி ஆறே முக்கால் ஆயிடுத்து,” என்று ஸ்ரீநிவாசராகவன் தன் போனைப் பின்னால் நீட்டினார். “டீச்சர், நீங்க கொஞ்சம் டைப் பண்ணிடுங்கோ. ஏழு மணிக்குள்ள ஜெயகிருஷ்ணன் சாருக்கு ரெண்டு பேர் அனுப்பணும்.”

ஜெயகிருஷ்ணன் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். பல்கலைக்கழக அணிக்கான தேர்வுக்குக் கல்லூரியிலிருந்து இரண்டு பேரை அனுப்பலாம். ஒரு ஆட்டத்தையும் தவறவிடாத பெரியவர்கள் என்று, வருஷா வருஷம் இந்த மூவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அவர் பெயர் கொடுப்பார். இன்று மதியம்வரை அந்த இரண்டு பெயர்கள் ஜேசன், அனிருத். அதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

“அனிருத்னு போடுங்கோ. அப்புறம்…” ஸ்ரீநிவாசராகவன் சற்று யோசிப்பதாகக் காட்டினார். “பிரணவ்.”

“காத்து தொட்டு விழுந்தவனா?” என்றாள் ஞானஜோதி.

“நல்ல குடும்பம் டீச்சர். எங்க ஃபிளாட்ஸ்தான், மூணாவது மாடி. பழகினா தெரியும்.”

“பந்தும் அவன்கூடப் பழகினா நல்லாயிருக்கும். ஜேசனுக்கு இது கடைசி வருஷம். யுனிவர்சிட்டி டீமுக்கு ஆடினாத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எங்கேயாவது வேலைக்குப் போட முடியும்னு அவன் அம்மா போன வாரம் சர்ச்சுல எங்கிட்ட சொல்லிட்டிருந்தாங்க. கோவிலம்பாக்கத்துலேர்ந்து காலையில அஞ்சு மணிக்கு பிராக்டிசுக்கு வர்ற பையன்.”

“அஞ்சு மணிக்கு வந்து இன்னா டீச்சர் பிரயோஜனம்? எண்பத்தெட்டாவது நிமிஷத்துல ஒரு செகண்டு முன்னாடி வந்துட்டானே.”

“அவன் முன்னாடி வரல.”

முன் சீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அன்பான சிரிப்பு, சமையல் பற்றிப் பேசவேண்டியவள் கால்பந்து பற்றிப் பேசினால் வருகிற சிரிப்பு.

“டீச்சர், ஆஃப்சைடுன்றது கொஞ்சம் பேஜார் புடிச்ச விசயம். நான் காட்றேன் பாரு.” சவுரிமுத்து டேஷ்போர்டை மைதானமாக்கினார். “இந்த சென்ட் பாட்டிலுதான் கோலி.”

“கேஷவைவிட உத்தமம்,” என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

“ஆமா, எடத்தயாச்சும் அடைச்சிகினு நிக்குது. இந்தக் கண்ணாடிக் கூடு அவங்க டிஃபென்டரு. இந்தப் பேனா ஜேசன். இந்தா, அனிருத் இங்கேர்ந்து அடிக்கிறான். அப்ப பேனா எங்க கீது?”

“நீங்களே வைங்க,” என்றாள் ஞானஜோதி. “நீங்க பாத்தபடி வைங்க.”

அவர் வைத்தார். கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி கொஞ்சம் பின்னால் இழுத்தார். மனுஷன் கத்துவாரே தவிரப் பொய் சொல்லத் தெரியாது. கையெடுத்தபோது பேனா கண்ணாடிக் கூட்டுக்கு ஒரு விரல் பின்னால் கிடந்தது.

“கூட்டுக்கும் கோலிக்கும் நடுவுலயா இருக்கு பேனா?”

“இல்ல… கூட்டுக்கு இந்தாண்ட கீது.”

“அப்போ ஆஃப்சைடா?”

சவுரிமுத்து பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்னி பஸ் ஒரு அடி நகர்ந்தது, ஸ்ரீநிவாசராகவன் ஆவலோடு கிளட்சை விட்டார், கார் குலுங்கியது, மைதானமே சரிந்து சவுரிமுத்துவின் மடியில் விழுந்தது.

“பாட்டிலை வெச்சுண்டு ஆஃப்சைடு பாக்க முடியாது,” என்று ஸ்ரீநிவாசராகவன் முடித்துவைத்தார். “தூக்கினது யார் கொடி? வேதசிரோமணி சார் கொடி. அதுக்கு மேல என்ன பேச்சு?”

ஞானஜோதி தன் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் இன்னும் பட்டாசுக் கடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடை பின்னால் போய் இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

“நீங்க எதுவும் சொல்லலையா?” என்று தணிந்த குரலில் கேட்டாள்.

“நான் என்ன சொல்றது, ஞானம். கொடி தூக்கினவன் அப்புறம் பேசக்கூடாது.”

“கொடி தூக்கினவர் அந்த நேரம் எங்கே பாத்துட்டிருந்தார்?”

அவளுக்குப் பதில் தேவை இல்லை. அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலி பெனால்டி பாக்ஸ் கோட்டுக்கு நேராகக் கிடந்தது. அனிருத் பந்தை அடித்த நொடியில் எதிரணி டிஃபென்டர் ஜேசனைவிட ஒரு முழம் கோல் பக்கமாக நின்றதை அவள் பார்த்தாள். அதே நொடியில், பத்தடி தள்ளி, அவள் கணவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்தாள்.

அதற்குச் சற்று முன்னால் அவர் ஒரு த்ரோவைக் கல்லூரிக்குக் கொடுத்திருந்தார். சரியான த்ரோதான். ஆனால் எதிரணி மாணவர்கள், “ஹோம் லைன்ஸ்மேன்! ஹோம் லைன்ஸ்மேன்!” என்று, சொந்தக் கல்லூரிக்குச் சாய்வதாகக் குத்திக்காட்டித் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் கழுத்து விறைத்தது. யார் கத்தியது என்று திரும்பித் திரும்பி முறைத்தார். பிறகு கூட்டம் ஹோவென்று எழுந்தது, அவர் ஆட்டத்தின் பக்கம் திரும்பினார், ஜேசன் தனியாக ஓடுவதைக் கண்டார், கை தானாக மேலே போனது.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும். மகள் ஜெரூஷா பத்தாம் வகுப்பில் அவரிடமே கணக்குப் படித்தபோது, அரைப் பரீட்சையில் எல்லாப் பிள்ளைக்கும் வழிமுறைக்குக் கொடுத்த இரண்டு மதிப்பெண்ணை அவளுக்கு மட்டும் கொடுக்காமல் விட்ட கை. வாத்தியார் மகள் என்று பேச்சு வரக்கூடாதாம். ஸ்டாஃப் ரூமே அவரைப் பாராட்டியது. பிள்ளை மொட்டைமாடியில் போய் அழுதது.

“உங்க நேர்மைக்கு எப்பவும் அடுத்த வீட்டுப் பிள்ளையோ சொந்தப் பிள்ளையோதான் செலவாகுது,” என்றாள் காதோரமாக. “உங்க சட்டையில ஒரு பொத்தான்கூட அவிழ்றதில்ல.”

“ஞானம், சும்மா இரு.”

“மணி ஆறு ஐம்பது.”

“தெரியுது.”

“தெரிஞ்சா சொல்லுங்க.”

அவர் தொண்டையைச் செருமினார். இரண்டு முறை. மூன்றாவது முறைக்குப் பிறகு குரல் வந்தது.

“சீனு… ஒரு நிமிஷம். அந்த ஆஃப்சைடு… எனக்கு அவ்வளவு நிச்சயமா இல்ல. நான் சரியாப் பாக்கலையோன்னு…”

பின்னாலிருந்த வேன்காரன்கூட ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டதுபோல இருந்தது.

சவுரிமுத்து முழு உடம்பையும் திருப்பி அவரைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“பாத்தியா சார் இந்த மனுசன! பையன் பொழைச்சுப் போவட்டும்னு பழிய தன் தலைல போட்டுக்கறாரு!”

“இந்தக் காலத்துல இப்படி யார் இருக்கா, சொல்லு?” ஸ்ரீநிவாசராகவன் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துத் தலையை ஆட்டினார். “ஆனா வேணாம் சார். உங்க பெருந்தன்மைக்கு ஒரு அளவு வேணும். தப்பு பண்ணினது அவன்.”

“இல்லப்பா, நான் உண்மையாவே—”

“போதும் சார்! நீ இன்னும் ஒரு வார்த்த சொன்னா நான் எறங்கி நடந்தே போயிடுவேன்.”

வேதசிரோமணி நிறுத்திக்கொண்டார். சீட்டில் சாய்ந்தார். விறைத்திருந்த கழுத்து மெல்லத் தளர்ந்தது. உதட்டோரம் ஏதோ ஒன்று வந்து போனது. வெட்கமா, நிம்மதியா என்று வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. நாற்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரிந்தது. சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு. கோலும் போய், பையனும் போய், பெயரில் இன்னும் கொஞ்சம் மெருகு ஏறியிருந்தது.

“நான் பாத்தேன்,” என்றாள் ஞானஜோதி சத்தமாக. “இவர் பாக்கல. கூட்டத்தைப் பாத்து முறைச்சிட்டிருந்தார்.”

“டீச்சர், வூட்டுக்காரர இப்டி வுட்டுக் குடுக்கலாமா?”

“அனிருத், பிரணவ். அனுப்பிட்டேளா டீச்சர்?”

“அனுப்பறேன்,” என்றாள். போனில் ஜெயகிருஷ்ணனின் பெயருக்கு நேரே இருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ஸ்பீக்கரையும் போட்டாள்.

ஒரே மணியில் எடுத்துவிட்டார். “சொல்லுங்க ராகவன் சார், உங்களுக்காகத்தான் சிஸ்டம் முன்னாடி உக்காந்திருக்கேன்.”

“ஞானஜோதி பேசறேன் சார்.”

“வணக்கம் டீச்சர். யார் யார் பேரு?”

“அனிருத், பிரணவ்!” என்று ஸ்ரீநிவாசராகவன் முன்னாலிருந்து கூவினார்.

“பிரணவா? ஜேசன் இல்லையா?”

“வேணாம் சார், அது ஆஃப்சைடு பார்ட்டி!” என்றார் சவுரிமுத்து.

“ஜெயகிருஷ்ணன் சார், இவங்க கத்தறதை எழுதாதீங்க,” என்றாள் ஞானஜோதி. “கொடி தூக்கினவர் என் பக்கத்துலதான் இருக்கார். அவரைக் கேட்டுட்டு எழுதுங்க.”

போனைக் கணவரின் வாய்க்கு நேராக நீட்டினாள். அவர் போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முன் சீட்டில் இரண்டு தலைகளும் பயபக்தியோடு திரும்பியிருந்தன. ஆம்னி பஸ் நகர்ந்து முன்னால் இடம் விட்டதை யாரும் கவனிக்கவில்லை.

“அதுவும் சரிதான்,” என்றது போன். “வேதசிரோமணி சார், நீங்க சொன்னா எனக்கு அதுக்கு மேல வேற அத்தாட்சி வேணாம். பையன் ஆஃப்சைடா, இல்லையா?”