ஞாயிற்றுக்கு ஒரு நூல்

என் கணவர் சுவரில் ஒரு ஆணி அடித்து நான் பார்த்ததில்லை. காலண்டர் மாட்ட வேண்டுமென்றாலும் ஸ்டூலில் ஏறுவது நான்தான்; அவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு யோசனை சொல்வார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றரை முழ நீளத்துக்கு ஒரு மரக்கட்டையைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி வந்தார். கிதாருக்குத் தன் கையாலேயே கழுத்து செய்யப் போகிறாராம். எதற்கு என்று கேட்டேன். சும்மா, பொழுது போக வேண்டாமா என்றார். பொழுது போகாத மனிதரா அவர்? வாரத்தில் ஐந்து நாள் ஓட்டலில் வாசிப்பு, மீதி இரண்டு நாள் தூக்கம். என் காதில் பூ சுற்றுகிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கிதாரின் கழுத்து என்பது வாசிக்கிறவரின் இடது கை பிடித்திருக்கும் நீளமான பகுதி. அதன் பருமன் ஆளுக்கு ஆள் மாறும், செருப்பு மாதிரி. இதெல்லாம் அவரே எனக்குச் சொன்னதுதான். இருபது வருடமாக அவரிடம் இருப்பது ஒரே கிதார். அதன் கழுத்து நல்ல தடிமன். மெல்லிசுக் கழுத்தெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு, என் கைக்கு இதுதான் சரி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். அவர் கை அப்படி. ஒரு கையால் முழுத் தர்பூசணியைக் கவ்வித் தூக்கிவிடுவார்.

வேலை பால்கனியில் தொடங்கியது. முதல் கட்டையை மூன்றே நாளில் பாழாக்கினார். தலைப் பக்கம் சாய்வாக வர வேண்டிய இடத்தில் ரம்பம் அவர் பேச்சைக் கேட்காமல் தன் வழியில் போய்விட்டது. மரக்கடைக்குப் போய் இன்னும் இரண்டு கட்டை வாங்கி வந்தார். கோடு போட என் மார்க்கிங் சாக்பீஸ் காணாமல் போனது. வளைவு வரைய, சட்டைக்கு அக்குள் வளைவு போடுகிற என் கைக்குழி ஸ்கேல் போனது. நான் தையல்காரி, அந்த ஸ்கேல் இல்லாமல் ஒரு சட்டை வெட்ட முடியாது. பால்கனிக்குப் போய்ப் பார்த்தால் மரத்தூளுக்கு நடுவில் அது படுத்துக் கிடக்கிறது. இன்னொரு நாள் பார்த்தால், மரத்தின் நடுவில் நீளமாக ஒரு பள்ளம் தோண்டி, அதில் ஒரு இரும்புக் கம்பியைப் பதித்து, மேலே கறுப்பாக ஒரு மெல்லிய பலகையை ஒட்டி, சாப்பாட்டு மேசையோடு சேர்த்து இறுக்கி வைத்திருந்தார். இரண்டு நாள் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கம்பி எதற்கு என்று கேட்டேன். தந்திகள் இழுக்கிற இழுப்பில் மரம் வளையாமல் இருக்க என்றார். பின்பக்கம் இழைக்கும்போது அதைத் தொட்டுவிடக் கூடாதாம். இத்தனை விவரமாகப் பதில் சொல்கிற மனிதர், யாருக்காக இது என்று கேட்டால் மட்டும் அரத்தைக் கையில் எடுத்துவிடுவார்.

மனிதர்களை நான் அளவால்தான் நினைவு வைத்திருப்பேன். பின்பக்கத்தை அவர் உருட்டையாக இழைத்து முடித்த ஞாயிறு, அவர் குளிக்கப் போன நேரத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். பழைய கிதாரின் கழுத்துச் சுற்றளவு நாலே முக்கால் இஞ்ச். புதியது நாலரை. என் அளவு நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, தலைப்பில் 'அவள்' என்று எழுதி, கீழே நாலரை என்று குறித்தேன்.  இருபது வருடம் குடும்பம் நடத்திய மனிதர் இன்னொருத்தி கைக்கு அளவெடுத்து மரம் இழைக்கிறார் என்றால் எப்படி இருக்கும்? அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

சாட்சியங்கள் அதற்கு முன்பே வரிசையாக வந்துகொண்டிருந்தன. கல்யாணமான நாள் முதல் நான் தைத்த சட்டையைத் தவிர வேறு போடாதவர், திடீரென்று தலைவழியாக மாட்டும் டீ ஷர்ட்டாக வாங்கிக் குவித்தார். வயசு திரும்புகிறதோ என்று கேட்டேன்; காற்றோட்டமாக இருக்கிறது என்றார். பைக்கை மூடி வைத்துவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தார். அதே பஸ்ஸில்தான் அவருடைய குழுவில் பாடுகிற பெண்ணும் போகிறாள். சாப்பிடும்போது இடது கை மேசைக்கு அடியிலேயே இருந்தது. போனில் யாருக்கோ மெசேஜ் போடுகிறார் என்று நினைத்து, ஸ்பூனைத் தவறவிட்டதுபோல் குனிந்து பார்த்தேன். போன் இல்லை. வெறும் கை மடியில் கிடந்தது. அதிலும் ஏதோ திருட்டுத்தனம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

அடுத்த ஞாயிறு அளந்தபோது ஒரு நூல் குறைந்திருந்தது. நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. தச்சருக்கும் எங்களுக்கும் பொதுவான கணக்கு. அதற்கடுத்த ஞாயிறு இன்னொரு நூல். நாலே கால். யாருக்கென்று கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது என்றாகிவிட்டது.

பாட்டுக்காரியை வரவழைத்தேன். மேடைக்கு ஒரு கவுன் தைத்துத் தருகிறேன், முழுக்கை, மணிக்கட்டில் பட்டி என்று ஆசை காட்டினேன். அவள் வருவதற்கு முன் ஒரு மரஸ்கேலை எடுத்து, அதில் லைனிங் துணியைச் சுற்றிச் சுற்றி, சரியாக நாலே கால் இஞ்ச் பருமனுக்குக் கொண்டுவந்தேன். பதினெட்டுச் சுற்று. கை அளவு எடுக்கும்போது, இதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளம்மா, அப்போதுதான் மணிக்கட்டு சரியாக வரும் என்றேன். இல்லாத ஒரு தொழில்முறையை அந்த நிமிடத்தில் உண்டாக்கினேன். அவள் விரல்கள் துணியைச் சுற்றி வந்து கச்சிதமாக உட்கார்ந்தன. அவளுக்கென்றே செய்ததுபோல. 

அவள் ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அக்கா, அண்ணன் நல்லாத்தானே இருக்காரு?" என்று கேட்டாள். என்ன தைரியம் என்று நினைத்தேன். நல்லாத்தான் இருக்காரு, அவருக்கென்ன என்று சொல்லி வழியனுப்பினேன். கவுனைத் தைக்கவே கூடாது என்று முடிவு செய்தேன். தங்கைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்கும்வரை வாயைத் திறக்காதே என்றாள் அவள்.

திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு அளந்தேன். இன்னொரு நூல் குறைந்திருந்தது. அதற்கடுத்த ஞாயிறு சரியாக நாலு இஞ்ச்.

முதலில் தோன்றியது என்ன தெரியுமா? பாட்டுக்காரியையும் விட்டுவிட்டு இன்னும் சின்னக் கைக்காரி ஒருத்தியைப் பிடித்துவிட்டார் என்றுதான். குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்று மனசுக்குள் ஒவ்வொருத்தியாக நிறுத்தி வைத்துப் பார்த்தேன். அப்படியே நோட்டில் எண்ணை எழுதிவிட்டு, எழுதியதை மேலிருந்து படித்தேன். நாலரை. ஒரு நூல் குறைவு. நாலே கால். மறுபடி ஒரு நூல். நாலு.

இந்த மாதிரிப் பக்கம் என் நோட்டில் இன்னொன்று உண்டு. கணக்கு வாத்தியாருடையது. மாதத்துக்கு ஒரு தரம் பேண்டை இடுப்பில் பிடித்துச் சுருக்கச் சொல்லி எடுத்து வருவார். டயட்டில் இருக்கிறேன் என்பார். ஆறு மாதத்தில் ஐந்து இஞ்ச் பிடித்தேன். ஏழாவது மாதம் அவர் மனைவிதான் வந்தார், கொடுத்திருந்த பேண்டைத் திருப்பி வாங்க. வேறு ஆளுக்குத் தைக்கிற துணி ஒரே அளவில் நிற்கும். வாராவாரம் அளவு இறங்குகிறதென்றால் அங்கே ஆள் மாறவில்லை, ஒரே ஆளின் உடம்பு மாறுகிறது. இருபத்தைந்து வருடம் டேப் பிடிக்கிறவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

டீ ஷர்ட்டில் பட்டன் கிடையாது. பைக்கில் கிளட்ச் இடது கையில் இருக்கிறது.

இருந்தாலும் எனக்கு எதையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். அலமாரியிலிருந்து நான் தைத்த வெள்ளைச் சட்டையை எடுத்தேன். அவர் குளித்துவிட்டு வந்ததும் கையில் கொடுத்து, ஒருத்தருக்கு இதே மாதிரி வேண்டுமாம், போட்டுக் காட்டுங்கள் என்றேன். பிறகு பார்க்கலாம் என்றார். இப்போதே வேண்டும் என்று எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

முதல் பட்டனை வலது கையால் மட்டும் போட்டார். இரண்டாவதற்கு இடது கை உதவிக்கு வந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் பாதி மடங்கியே நின்றன. கட்டை விரலுக்குத் துணியைப் பிடிக்கத் தெம்பில்லை. பட்டன் மூன்று தரம் நழுவியது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, சட்டையைப் பார்ப்பதுபோல் நடித்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

 "நாலு மாசமாச்சு. பழைய கழுத்தைச் சுத்தி விரல் எட்ட மாட்டேங்குது. அதான் மெல்லிசா ஒண்ணு செய்யலாம்னு. ஒரு வாரம் எட்டுது. அடுத்த வாரம் அதுவும் எட்டல."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். முழங்கைல நரம்பு நசுங்கிருக்காம். கைக்குப் பட்டை கட்டிக்கிட்டு மூணு மாசம் பாக்கலாம், வரலாம், வராமலும் போகலாம்னாரு. பட்டை கட்டினா உனக்குத் தெரிஞ்சிடும். குழுவுக்கும் தெரிஞ்சிடும். அதான் கட்டல."

பாட்டுக்காரிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பக்கத்தில் நின்று பாடுகிறவளுக்கு விரல் தவறுவது கேட்காதா? கட்டிய மனைவி நான்தான் ஸ்கேலில் துணி சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பால்கனிக்குப் போய் அந்தக் கழுத்தைக் கையில் எடுத்தேன். பட்டு மாதிரி இழைத்திருந்தார். ஆணி அடிக்கத் தெரியாதவர் இவ்வளவு வழவழப்பாக ஒன்றைச் செய்வார் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பின்பக்கம் கட்டை விரலை ஓட்டினால், நடுவில் ஓரிடத்தில் மட்டும் சில்லென்றது. மரம் தேய்ந்து உள்ளிருந்த கம்பி ஒரு கோடாகப் பளபளத்தது. இனி இழைக்க அதில் மரம் இல்லை.

அவர் பின்னால் வந்து நின்று, "அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கணக்கு வாத்தியாருக்கு இத்தனை தரம் பிடித்தேனே, ஒரு தரமாவது துணியை வெட்டியிருப்பேனா? உள்ளே மடித்து வைத்துத்தான் தைத்தேன். நாளைக்கே உடம்பு தேறினால் பிரித்து விடலாம். தேற மாட்டார் என்று எனக்குத் தெரிந்த பிறகும் வெட்டவில்லை.

"மூணு மாசம்னு டாக்டர் சொல்லிருக்காரு. நீங்க அதுக்குள்ள மரத்தை வெட்டித் தள்ளிட்டீங்க. கை திரும்பி வந்தா எதைப் பிடிப்பீங்க?"

 மூலையில் சாத்தியிருந்த கடைசிக் கட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நாலே முக்கால், பழைய அளவு, ஒரு நூல் குறைந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். அன்றைக்கே பட்டையும் கட்டவைத்தேன். குழுத் தலைவரிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். அந்த மூன்று மாதத்துக்கு அவர் இடத்தில் பாட்டுக்காரியின் தம்பி வாசிக்கிறான். அவள் கவுனை ஒரே வாரத்தில் தைத்துக் கொடுத்தேன்; கழுத்தில் நிறைய வேலைப்பாடு வைத்தேன். எதற்கு இவ்வளவு என்று கேட்டாள். சும்மா என்றேன்.

நோட்டில் அந்தப் பக்கத்தின் தலைப்பை யாரும் படிக்க முடியாதபடி மை போட்டு அடித்துவிட்டேன். ஆனால் பக்கம் தொடர்கிறது. ஞாயிறுதோறும் அந்தத் துணி சுற்றிய ஸ்கேலை அவர் இடது கையில் கொடுத்து, எத்தனை சுற்று வரை விரல் எட்டுகிறது என்று பார்க்கிறேன். அது எங்கிருந்து வந்தது, முதலில் யார் பிடித்துப் பார்த்தார்கள் என்று அவர் கேட்டதில்லை. முதல் ஞாயிறு பத்துச் சுற்று. பிறகு பத்து. மறுபடியும் பத்து. என்னைச் சந்தோஷப்படுத்த அவர் எதுவும் செய்வார் என்பதால் ஸ்கேலை இழுத்துப் பார்த்த பிறகுதான் எழுதுவேன். வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிற கஸ்டமர்களை எனக்குத் தெரியாதா?

போன ஞாயிறு பதினொரு சுற்று சுற்றிக் கொடுத்தேன். பிடித்தார். இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வலது கையை எங்கே வைத்திருக்கிறார் என்று குனிந்து பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் இருந்தது. அப்போதும் நம்பாமல், துணி முழுவதையும் பிரித்து, முதலிலிருந்து எண்ணிச் சுற்றி, மறுபடி அவர் கையில் கொடுத்தேன்.