மழைக்கு ஓவர்டைம்

இரண்டு பாட்டுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் ரெங்கசாமி மைக்கைப் பிடித்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியக் கல்யாண விருந்து. இன்று ஜனம் சிரித்தால் தன் இசைக்குழுவில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதாக வேலாயுதம் சொல்லியிருந்தார். சிரிக்காமல் போகும் என்று ரெங்கசாமி நினைக்கவே இல்லை. போர்ட் கிள்ளான் கிடங்கில், தேநீர் வேளையில் அவன் வாயைத் திறந்தாலே மூட்டைமேல் உட்கார்ந்திருப்பவர்கள் உருண்டு விழுவார்கள். அந்தத் தைரியத்தில் வெள்ளிக்கிழமையே வேலையை விட்டுவிட்டான். கூட்டாளிகளிடம்கூடச் சொல்லவில்லை, ஜெயித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தான்.

அந்தக் கூட்டாளிகளை லோரியில் கூட்டிவந்து, கல்யாண வீட்டாரிடம் கெஞ்சி, முன்மேசையில் உட்காரவும் வைத்திருந்தான். நாலு பேர் சிரித்தால் நானூறு பேர் சிரிப்பார்கள் என்பது அவன் கணக்கு.

இடுப்பில் ஒரு கை, வானத்தை நோக்கி மடக்கிய குடை. கிடங்கு ஃபோர்மேன் கன்னையா அப்படித்தான் நிற்பார். ரெங்கசாமி அப்படி நின்றதுமே முன்மேசை வெடித்துச் சிரித்தது. அவன் இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை.

சிரிப்பு இரண்டு பேர் தூக்குகிற மூட்டை. ஒரு முனை சொல்பவன் கையில் என்றால் மறுமுனை கேட்பவன் கையில் இருக்க வேண்டும். கிடங்கில் எல்லோர் கையிலும் இருந்த அந்த மறுமுனை கன்னையா. காலையில் அவரிடம் ஏச்சு வாங்கியவனுக்கு, அவரைப் போலவே ஒருத்தன் நிற்பதைக் கண்டதும் அடக்கிவைத்த பயமெல்லாம் சிரிப்பாக வெளியே வரும். இந்த மண்டபத்தில் கன்னையாவை யாருக்குத் தெரியும்? முதலில் அவரை இவர்கள் கண்முன் நிறுத்த வேண்டும். பிறகு, மழையைப் பார்த்து அவர் ஏசும் அந்தக் கடைசி வரிக்கு முன்னால் ஒரு மூச்சு மௌனம் வேண்டும்; அந்த மௌனத்தில்தான் கேட்பவன் முன்னால் சாய்வான். வரியை மனப்பாடமாக அறிந்த முன்மேசை, அந்த மௌனத்தை ஒவ்வொரு முறையும் மிதித்துவிட்டது. எல்லாம் பாசம்தான்.

“மழைக்கு யாருடா ஓவர்டைம் கொடுத்தது?”

அவன் சொன்னது யார் காதிலும் விழவில்லை. விருந்தினர்கள் மேடையை விட்டுவிட்டு முன்மேசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாரு லா அவனுங்க? தண்ணி போட்டுட்டு வந்துட்டானுங்களா?” என்றார் ஒருவர். பக்கத்து அம்மாள் இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டாள்.

மேடைக்குப் பின்னால் வேலாயுதம் அவன் தோளைத் தட்டினார். “தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. உங்க கூட்டாளிங்க நல்லா சிரிக்கிறாங்க.”

“இன்னொரு சான்ஸ் குடுங்கண்ணே.”

“பாப்போம் லா. கையில இருக்கிற வேலைய மட்டும் விட்டுறாதீங்க.”

லோரியின் பின்புறத்தில் வாசு இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். “டேய் ரெங்கா, மண்டபமே ஆடிப்போச்சு! நாளைக்கு டீ டைம்ல இன்னொரு வாட்டி போடணும் லா.”

“நாளைக்கு நான் வரமாட்டேன்டா. வேலைய விட்டுட்டேன்.”

மண்டபத்தில் கிடைக்காத அந்த ஒரு மூச்சு மௌனம் இப்போது கிடைத்தது. பிறகு லோரியே குலுங்கும்படி சிரித்தார்கள்.

“பாவி, மூஞ்சியப் பாரு! கன்னையாகிட்ட இதையே சொல்லிக்காட்டு லா!”

கிள்ளான் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. வாசு தார்ப்பாயை இழுத்தான். அது ரெங்கசாமி வரை எட்டவில்லை. மேடைக்குக் கொண்டுபோன குடை அவன் மடியில் கிடந்தது. விரிக்கத் தோன்றாமல் நனைந்துகொண்டிருந்தான். எதிரே நால்வரும் அந்தக் குடையையே பார்த்தபடி, அவன் அதைத் தூக்கப்போகும் நொடிக்காக இப்போதே வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.