இரண்டு இறாத்தல் இறுக்கம்

முதல் செட்டைச் சுதர்ஷினி ஆறுக்கு மூன்று என்று வென்றாள். லோஜினி அடித்த பந்துகள் எல்லைக்கோட்டைத் தாண்டித் தாண்டி விழுந்தன. மலைமேல் இருக்கும் நுவரெலியாவின் காற்று மெலிது. கொழும்பில் கோட்டுக்குள் விழும் அடி இங்கே ஒரு முழம் தள்ளியே விழும். ராகலைத் தோட்டத்தில் பிறந்து, இந்த டென்னிஸ் மைதானத்திலேயே ஆடிப் பழகிய சுதர்ஷினிக்கு அது தெரியும். பொகவந்தலாவையில் பிறந்தாலும் சிறு வயதிலேயே கொழும்புக்குப் போய்விட்ட லோஜினிக்குத் தெரியாது.

இருவரும் சந்தித்த இறுதி ஆட்டங்கள் அனைத்திலும் இதுவரை லோஜினியே வென்றிருந்தாள். இம்முறை வெல்பவருக்கு வெளிநாட்டுப் போட்டியொன்றில் நேரடி இடம் உண்டு. சுதர்ஷினிக்கு வயது இருபத்தொன்பது. இப்படி ஒரு வாய்ப்பு மறுபடியும் வரும் என்று அவள் நம்பவில்லை.

இரண்டாம் செட்டின் தொடக்கத்தில் பனிமூட்டம் இறங்கியது. வலைக்கு அப்பால் நின்றவர் முகம் தெரியவில்லை. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில், ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் அறை இருந்தது. போட்டிக்கு வந்த அனைவருக்கும் நரம்பு கட்டியவன் ஒருவனே. அவன் சுதர்ஷினியின் கணவன் நிரஞ்சன். யார் கொடுத்தாலும் கட்டித் தர வேண்டியது அவன் வேலை. அதில் அவளுக்குக் குறையில்லை. ஆனால், திறந்திருந்த கதவின் வழியே அவள் கேட்ட பேச்சு வேறு.

“நிரஞ்சன், என் பந்தெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல. இன்னும் கொஞ்சம் அடிச்சா கண்டிக்கே போயிரும் போல” என்றாள் லோஜினி.

நிரஞ்சன் சிரித்தான். “இங்க காத்து அப்படித்தாங்க. நரம்ப ரெண்டு ராத்தல் கூட்டி இறுக்கிக் கட்டித் தாரேன். அடங்கிரும்.”

திருமணமாகி ஆறு ஆண்டுகளில் சுதர்ஷினி ஒரு நாளும் அவன் பெயரைச் சொல்லி அழைத்ததில்லை. எவரும் தடுக்கவில்லை, நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெயரை இன்னொருத்தி இத்தனை எளிதாகச் சொல்லிவிட்டு வெளியே போவதைக் கதவோரம் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

“என்னங்க, அவங்களுக்கு வழி சொல்லிக் குடுத்தீங்களா?”

“கேட்டாங்க, சொன்னேன்.”

“நரம்பு கட்டுறது உங்க வேல. யோசன சொல்றதுமா?”

“யாரு கேட்டாலும் சொல்லுவேன் சுதா. போன மாசம் ஷாமிலாவுக்கும் சொன்னேனே.”

“ஷாமிலாகிட்டயும் இப்படித்தான் பல்லக் காட்டுனீங்களா?”

அவன் கையை நீட்டினான். “உன் ராக்கெட்டக் குடு. அடிச்சு அடிச்சு நரம்பு தளந்து போயிருக்கு. பனி விலகுறதுக்குள்ள உனக்கும் கட்டிர்றேன்.”

அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான். மற்றொன்றின் சட்டம் அரையிறுதியில் வெடித்துவிட்டது. நரம்பு தளர்ந்திருப்பதை அவள் விரல்களும் உணர்ந்திருந்தன.

“அவங்களுக்குக் கட்டுன கையால எனக்குக் கட்ட வேணாம். அவங்களுக்கே நல்லா இறுக்கிக் கட்டுங்க.”

பனி விலகியது. லோஜினியின் பந்துகள் அடங்கின. சற்று முன்பு வெளியே போன அதே அடிகள் இப்போது கோட்டின் உள்ளே விழுந்தன. ஒவ்வொரு முறையும் சுதர்ஷினிக்குப் பந்து தெரியவில்லை. நரம்பை இழுத்து இறுக்கும் தன் கணவனின் கைகளே தெரிந்தன. அவள் பார்வை அடிக்கடி அந்த அறையின் பக்கம் போனது. ராகலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த கூட்டத்தில் ஒருவர் பொறுமையிழந்து, “சுதா, பந்தப் பாரும்மா. வீட்டுக்காரர் எங்கயும் ஓடிற மாட்டாரு” என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அது நகைச்சுவையாகப் படவில்லை.

இரண்டாம் செட் லோஜினிக்குப் போனது. மூன்றாவதில் இருவரும் விட்டுக்கொடுக்காமல் ஆறுக்கு ஆறு என்று நின்று, டை-பிரேக்குக்குப் போனார்கள். அங்கும் ஆறுக்கு ஆறு. லோஜினி வலைக்கருகே ஓடி வந்து ஒரு புள்ளியை எடுத்தாள். இன்னும் ஒன்று எடுத்தால் ஆட்டம் அவளுடையது.

அடுத்த பந்து சுதர்ஷினியின் வலப்பக்கம் வாகாக எழும்பி வந்தது. ஓரக்கோட்டை ஒட்டி அவள் வழக்கமாக அடிக்கும் அடி. கால் சரியான இடத்தில் நின்றது. கை சரியாகச் சுழன்றது. பந்து தளர்ந்த நரம்பை விட்டு அகன்ற கணத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது கடைக்கோட்டுக்கு நான்கு விரல் தள்ளி விழுந்தது.

வலையருகே லோஜினி அவள் கையை இரு கைகளாலும் பற்றினாள். “இன்னைக்கு நல்லா ஆடுனது நீங்கதான் அக்கா.”

தன்னை அக்கா என்பவளுக்குத் தன் வீட்டுக்காரரை மட்டும் அண்ணன் என்று சொல்ல வாய் வராதா என்ற எண்ணமே சுதர்ஷினிக்கு முதலில் எழுந்தது. தோற்றுவிட்டோம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நிரஞ்சன் தண்ணீர்ப் போத்தலோடு வந்து பெஞ்சில் அவளருகே அமர்ந்தான். ராக்கெட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“போய் அவங்கள வாழ்த்திட்டு வாங்க” என்றாள்.

“இப்ப எதுக்கு? நீ மொதல்ல தண்ணியக் குடி.”

“போங்க. நான்தான் புடிச்சு வச்சிருக்கேன்னு நெனப்பாங்க.”

அவன் தயங்கி எழுந்து போனான். சுதர்ஷினி தண்ணீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ சொன்னான், லோஜினி தலையசைத்தாள், அவ்வளவுதான். அவன் திரும்பி வந்தான்.

“என்ன சொன்னாங்க?”

“நன்றி சொன்னாங்க.”

“நன்றி சொல்ல இவ்வளவு நேரமா?”