வலது முழங்காலில் ஒரு கட்டு

டெல்ஃபின் துபேராவுக்கு அடிபட்டது இடது முழங்காலில். அணியின் மருத்துவ உதவியாளர் மாங் டோயோ கட்டுப் போட்டதோ வலது காலுக்கு.

"நல்லா தடிமனா போடுங்க மாங் டோயோ. கடைசி வரிசையில இருக்கிறவனுக்கும் தெரியணும்," என்றான் டெல்ஃபின்.

"முப்பது வருஷமா இந்த அணிக்குக் கட்டுறேன். நல்ல காலுக்கு இவ்வளவு அழகா கட்டினதே இல்லைடா," என்றார் அவர். சொன்னவருக்கே சிரிப்பு வரவில்லை.

மணிலாவில் கூடைப்பந்து ஆடிப் பிழைக்கிறவர்களுக்கு இது பழைய வித்தை. கோப்பைக்கான பிளேஆஃப் சுற்று வந்துவிட்டால் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியவனெல்லாம் களத்தில் ஓடுவான். எங்கே வலிக்கிறது என்று எதிரணி மோப்பம் பிடித்து, அங்கேயே இடிக்கும். பயிற்சியில் டெல்ஃபினின் முழங்கால் போன சேதி எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. எந்தக் கால் என்பது மட்டும்தான் கசியவில்லை.

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்: "தசைநார் நூலிழையில தொங்குது. இன்னொரு அடி விழுந்தா விளையாட்டை விடு, நேரா நடக்கிறதே சந்தேகம்." டெல்ஃபினுக்கு வயது முப்பத்தைந்து. பதின்மூன்று வருடமாகச் சிமெண்ட் கம்பெனி அணிக்கு ஆடுகிறான், ஒரு கோப்பையைக்கூடத் தொட்டதில்லை. இன்று இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம், கோப்பை யாருக்கு என்று முடிவு தெரியும் ஆட்டம். ஊசி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். இவனுக்கெல்லாம் யார் புத்தி சொல்வது?

எதிரே மத்தி மீன் டின் கம்பெனியின் அணி. அதில் ரோமல் பலிசோக். கல்லூரியில் டெல்ஃபினோடு ஒரே அறையில் கிடந்தவன். டெல்ஃபினின் மகளுக்கு ஞானத்தகப்பன். அவளுடைய ஞானஸ்நான நாளிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் 'பாரே' என்றுதான் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவனுக்கும் ஒரு படி மேலான உறவு அது.

ஆட்டத்துக்கு முன், பந்து பொறுக்குகிற சாக்கில் ரோமல் பக்கத்தில் வந்தான்.

"வலதா, பாரே?"

"கண்ணு அவிஞ்சுபோச்சா? வலதுதான்."

"எங்க கோச் அந்தக் காலையே பார்த்து இடிக்கச் சொல்லிருக்கார். நீ உள்ள வராதே. வெளிய நின்னு எறிஞ்சுட்டுப் போ, கிழட்டுப் பயலே."

"பயமா இருந்தா நீ போய் பெஞ்சுல உக்காரு."

ரோமல் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தான். டெல்ஃபினுக்கு நெஞ்சு உறுத்தியது. இவனிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொந்த பாரேயை நம்பவில்லையே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கோப்பை ஆசை வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

வித்தை நன்றாகவே பலித்தது. மூன்று பகுதி ஆட்டம் முடிவதற்குள் வலது காலை இடித்து இடித்துக் கன்ற வைத்துவிட்டார்கள். இடது காலைச் சீண்ட ஓர் ஆள் இல்லை. டெல்ஃபின் இருபத்திரண்டு புள்ளி எடுத்திருந்தான்.

எட்டு விநாடி பாக்கி. சிமெண்ட் அணி ஒரு புள்ளி பின்னால். பந்து டெல்ஃபின் கையில். வெளியில் நின்றே எறிந்திருக்கலாம். அவன் உள்ளே புகுந்தான். ரோமல் தடுக்க எகிறினான். மோதிய வேகத்தில் டெல்ஃபின் மல்லாந்து விழ, ரோமலின் நூறு கிலோ உடம்பு அவன் கால்களை நோக்கி இறங்கியது. ரோமலின் கண் கட்டின் மேல் விழுந்ததை டெல்ஃபின் பார்த்தான். வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தான். அதற்குள் ரோமல் அந்தரத்திலேயே உடம்பை முறுக்கித் திருப்பிக்கொண்டான். கட்டுப் போட்ட காலில் ஒரு நகம்கூடப் படாமல், இடது முழங்காலின் மேல் விழுந்தான்.

அறுந்த சத்தம் பெஞ்சு வரை கேட்டது.

ரோமல் செய்தது தப்பாட்டம் என்று நடுவர் ஊதிக் கொடுத்த இரண்டு இலவச எறிகளை டெல்ஃபினுக்குப் பதில் வேறொருவன் எறிந்தான். இரண்டும் வளையத்தில் தட்டி வெளியே போயின. கோப்பை மத்தி மீன்காரர்களுக்கு.

உடைமாற்றும் அறையில் இடது காலுக்குப் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். ரோமல் ஓடி வந்தான். வெற்றிக்குத் தூவிய வண்ணக் காகிதம் தலையெல்லாம் ஒட்டியிருந்தது. முகமெல்லாம் கண்ணீர்.

"அடிபட்ட கால்ல விழுந்துடக் கூடாதேன்னுதான் திரும்பினேன், பாரே. என் அம்மா சத்தியமா. இது நல்ல காலு, தேறிடும். அந்தக் காலைக் காப்பாத்திட்டோம்ல? சொல்லு, காப்பாத்திட்டோம்ல?"

மாங் டோயோ கத்திரிக்கோலோடு வலது கால் பக்கம் குனிந்தார். டெல்ஃபின் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துத் தடுத்தான்.

"ஆமா, பாரே," என்றான் ரோமலிடம். "காப்பாத்திட்டே."

மாங் டோயோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோப்பையோடு படம் எடுக்க ரோமலைத் தேடி இரண்டு முறை ஆள் வந்தது. அவன் போகவில்லை, ஆம்புலன்ஸில் கூடவே ஏறிக்கொண்டான். வண்டி குலுங்கும்போதெல்லாம் டெல்ஃபின் உதட்டைக் கடித்தான். ரோமல் அவனுடைய வலது காலை மடியில் தூக்கி வைத்து, அதிர்ச்சி படாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டே வந்தான்.