கோவேறு கழுதைகளை அவிழ்த்துவிட்ட நாள்

அரசரின் படம் எங்கள் தோரால்பா ஊருக்கு வருகிறது என்று தமுக்கடித்தபோது நான் கொண்டைக்கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். படம்தான் வருகிறது, அரசர் இல்லை. அரசர் தலைநகரான மத்ரித்தில் சுகமாக இருந்தார். பிரெஞ்சுக்காரன் பெரும்படையோடு வந்து அவரைப் பழைய அதிகாரத்தோடு மறுபடி உட்காரவைத்திருந்தான். முன்பு அதே பிரெஞ்சுக்காரனை எதிர்த்து, அதே அரசருக்காக, ஆறு வருஷம் சண்டை போட்டு முழங்காலில் குண்டு வாங்கியவர் என் கணவர், கேப்டன் பல்தசார் கிரோஸ். அவர் இப்போது வேலையில்லாமல் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஆலிவ் கொட்டைகளைச் சுவரில் எறிந்துகொண்டிருந்தார்.

அவர் செய்த குற்றம் ஒன்றுதான். அரசரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று எழுதிய அரசியல் சாசனத்தின் பக்கம் நின்றார். அந்தச் சாசனத்தின் மேல் கை வைத்து அரசரே சத்தியம் செய்திருந்தார். அரசர் சத்தியத்தை மீறினால் அது ராஜதந்திரம், கேப்டன் சத்தியத்தைக் காப்பாற்றினால் அது ராஜதுரோகம். இந்த நியாயம் எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

எங்கள் ஊர் மன்றத்தின் மாடத்தில் நின்று சாசனத்தை உரக்கப் படித்தவர் என் கணவர். கீழே நின்று தொப்பியை வானத்தில் எறிந்து ஆர்ப்பரித்தவர்களில் எண்ணெய்ச் செக்குக்கார தோன் கோஸ்மேயும் ஒருவர். எறிந்த வேகத்தில் அந்தத் தொப்பி மாதா கோவில் கூரையில் மாட்டிக்கொண்டது, ஏணி வைத்து எடுத்தார்கள். இப்போது அதே கோஸ்மே ராஜவிசுவாசத் தொண்டர்படைக்குத் தலைவர். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அவர் களத்தில் முறத்தோடு நிற்பார்.

தோற்ற பக்கத்து அதிகாரிகளைச் ‘சுத்தம் செய்ய’ ஒரு குழு போட்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர், இவர் மனம் திருந்திவிட்டார் என்று சாட்சி சொன்னால் ஆள் சுத்தம். சொல்லாவிட்டால் கடலைத் தாண்டி, ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் சேவுத்தா சிறை. அங்கே போனவர்களில் பாதிப் பேரைக் காய்ச்சலே தின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அவருக்குத் துணையாகத் தொப்பி எறிந்த ஊர் முழுவதும் எனக்குக் கதவைச் சாத்தியது.

தமுக்கடித்த அன்று சாயங்காலம் கோஸ்மே தாமாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். இடுப்பில் புதுப் பட்டுக்கச்சை, கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி.

“என்ன கேப்டனே, கால் எப்படி இருக்கு?”

“மழை வரப்போகுதுன்னா முன்னாடியே சொல்லும். உங்களை மாதிரி இல்லை, மாத்திச் சொல்லாது.”

கோஸ்மே சிரித்துக்கொண்டார். “உங்க வாய்தான் உங்களுக்கு எதிரி. சரி, நல்ல சேதியோட வந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் படம் ஊர் வாசலுக்கு வருது. மத்த ஊர்ல எல்லாம் செஞ்ச மாதிரி, கழுதைங்களை அவுத்து விட்டுட்டு வண்டியை நாமளே இழுக்கறோம். முதல் கயித்தை நீங்க பிடிங்க. கோவில் வரைக்கும்தான். அன்னிக்கே நானும் பாதிரியார் சாமியும் நோட்டரியும் உங்களுக்குச் சாட்சி சொல்லிடறோம்.”

“கழுதைங்க என்ன தப்புப் பண்ணுச்சு?”

“என்னது?”

“அதுங்க உத்தியோகத்தை ஏன் பிடுங்கறீங்கன்னு கேட்டேன்.”

இது நடக்கிற வழக்கம்தான். அரசர் திரும்பி வந்தபோது ஊருக்கு ஊர் ஜனங்கள் வண்டிக் கழுதைகளை அவிழ்த்துவிட்டு, தங்கள் தோளில் கயிற்றை மாட்டிக்கொண்டு, எங்கள் கைவிலங்கு வாழ்க என்று கத்திக்கொண்டு இழுத்தார்கள். விலங்கு வாழ்க என்று மனுஷன் கத்துவதை நான் வேறெந்த நாட்டிலும் கேள்விப்பட்டதில்லை.

என் கணவர் முடியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “வருவாருங்க. நான் கூட்டிட்டு வர்றேன்.”

கோஸ்மே போனதும் வீட்டில் ரணகளம்.

“கயித்தைப் பிடிக்கச் சொல்றியா? என்னையா?”

“ஆமா, உங்களைத்தான். ஒரு தெரு தூரம். நடந்தா மூச்சு வாங்கறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

“இது வாளைப் பிடிச்ச கை, லெயோகாதியா.”

“அந்தக் கையாலதான் இப்ப கொட்டை எறியறீங்க. கௌரவத்தை வேகவெச்சுத் தின்ன முடியாதுங்க. சேவுத்தாவுக்குப் போனா செத்துப்போயிடுவீங்க. ஊருக்கு வேணும்னா வீரன் வேணும். எனக்கு ஆள் வேணும். வீட்டுக்கு வர்ற ஆள், தூங்கறப்ப குறட்டை விடற ஆள்.”

அவர் இன்னும் இரண்டு கொட்டைகளை எறிந்தார். கடைசியில் கையிலிருந்த கொட்டைகளைக் கீழே போட்டார்.

“அரசர் கேட்டா மாட்டேன். கோஸ்மே கேட்டா அவன் தடியைப் பிடுங்கி அவனையே அடிப்பேன். நீ கேக்கறே. சரி, வர்றேன்.”

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். மாதாவுக்கு என் உயரத்துக்கு மெழுகுத்திரி ஏற்றுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். புருஷன் உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன வெட்கம்? என் இடத்தில் எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தம் பழைய ராணுவச் சட்டையைப் போட்டுக்கொண்டார். தோளிலிருந்த பதவிச் சின்னங்களைச் சரணடைந்த அன்றே பிய்த்துவிட்டார்கள், நூல்கள் மட்டும் தொங்கின. அவற்றை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

ஊர் வாசலில் வண்டி நின்றது. சுற்றிலும் ஆலிவ் கிளைகள், மேலே சிவப்புக் குடை, குடைக்குக் கீழே பொன் சட்டத்துக்குள் அரசர். அவிழ்த்துவிட்ட இரண்டு கோவேறு கழுதைகளும் மரத்தடியில் நின்று பார்லியை மென்றுகொண்டிருந்தன. ஊரில் அன்றைக்கு ஓய்வாக இருந்த ஜீவன்கள் அவை இரண்டும்தான். ரொட்டிக்காரர், நோட்டரி, கோவில்பிள்ளை என்று ஊரே கயிற்றில் தொங்கியது. கோஸ்மே மட்டும் கயிற்றைத் தொடவில்லை. அவர் தடியோடு பக்கத்தில் நடப்பாராம்.

என் கணவர் முதல் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டார். கூட்டம் கைதட்டியது. அத்தோடு விட்டிருந்தால் நான் இன்றைக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. கோஸ்மே கழுதையின் கழுத்துப்பட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். மணிகள் வைத்துத் தைத்த தோல்பட்டை, வேர்வை நாற்றம் அடித்தது. அதை என் கணவரின் கழுத்தில் மாட்டினார்.

“இழுக்கறவங்களுக்கு இதுதான் அலங்காரம்” என்றார்.

என் கணவர் என்னைத் தேடிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். இன்னும் கொஞ்சம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அவரும் பொறுத்துக்கொண்டார். குனிந்து இழுத்தார். எங்கள் தெரு கோவிலைப் பார்த்து ஏறும் மேடு. கெட்டுப்போன கால் ஒவ்வொரு அடிக்கும் மடங்கியது, மடங்கும்போதெல்லாம் மணி குலுங்கியது. கூட்டம் சிரித்தது. கோஸ்மே நாக்கைச் சொடுக்கி, கழுதையை விரட்டுவதுபோல “ஹை! ஹை!” என்றார். தடியின் நுனியால் என் கணவரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

அவர் திரும்பவில்லை. கோஸ்மேயின் தடியைப் பிடுங்கவும் இல்லை. எனக்குக் கொடுத்த வாக்குக்காக, பிரெஞ்சுக்காரனுக்கே வளையாத அந்த முதுகு வளைந்து நின்றது. நான் கேட்டது கிடைத்துக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன்.

“போதும். கழட்டுங்க” என்று பட்டையின் கொக்கியைப் பிடித்தேன்.

“அம்மா, இன்னும் பாதி வழி இருக்கு” என்றார் கோஸ்மே. “இங்க விட்டா இழுத்ததெல்லாம் வீணாப்போயிடும்.”

“போகட்டும்.”

“வர்றேன்னு சொன்னது நீங்கதானே?”

“நான்தான். கேட்டதும் நான், நிறுத்தறதும் நான். இந்த ஆளை நான் மனுஷனாக் கட்டிக்கிட்டேன். எனக்கு மனுஷனாத் திரும்பி வேணும்.”

கோஸ்மே என்னை விட்டுவிட்டு அவரிடம் திரும்பினார். மரியாதையும் அதோடு போய்விட்டது. “டேய், பொண்டாட்டி பேச்சைக் கேட்டே, சேவுத்தாதான்.”

என் கணவர் நிமிர்ந்தார். முதுகெலும்பு சொடக்கு விடும் சத்தம் எனக்கே கேட்டது.

“அவ பேச்சைக் கேட்டுத்தான் இங்க வந்தேன். அவ பேச்சைக் கேட்டே போறேன்.”

கழுத்துப்பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு சரிவில் நொண்டி நடந்து மரத்தடிக்குப் போனார். ஒரு கழுதையின் கழுத்தில் அதை மாட்டிக் கொக்கியைப் பூட்டினார். பிறகு அதன் காதுப்பக்கம் குனிந்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

“மன்னிச்சுக்கப்பா. இந்த ஊர்ல உன் வேலைக்குப் போட்டி ஜாஸ்தியாயிடுச்சு.”

முதலில் சிரித்தவர் ரொட்டிக்காரர். குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் அவர் கை கயிற்றைவிட்டு நழுவியது. அவரைப் பார்த்து இன்னும் சிலர் சிரித்தார்கள், இன்னும் சில கைகள் தளர்ந்தன. மேட்டில் நிற்கும் வண்டி சும்மா இருக்குமா? மெதுவாகப் பின்னால் உருண்டது. நோட்டரி ஐயோ என்று கத்தினார். சக்கரம் ஒரு கல்லில் ஏறி வண்டி சாய்ந்தது. குடை ஒரு பக்கம் விழுந்தது, அரசர் ஒரு பக்கம் விழுந்தார், அதுவும் குப்புற, கழுதை விட்டையில்.

கோஸ்மே ஓடிப்போய் முழங்காலிட்டுப் படத்தைத் திருப்பித் தம் பட்டுக்கச்சையால் துடைத்தார். “ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை” என்றார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அந்தப் படத்தில் அரசருக்கு மீசையே கிடையாது. மூக்கில்தான் ஒட்டியிருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அது என் கணவரின் குற்றத்தோடு என் குற்றமும் ஆயிற்று.

அவரைப் பிடித்துக் கட்டினார்கள். சாசனக்காரர்களின் பெண்களுக்கு அப்போது ஒரு தண்டனை இருந்தது, தலைமுடியை ஒட்ட வெட்டிவிடுவது. என்னை மன்றத்து வாசலில் உட்காரவைத்து, ஆட்டுக்கு ரோமம் வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்தார்கள். தலையைக் குனி, வெட்ட வசதியாக இருக்கும் என்றார்கள். அவர்கள் வசதி எனக்கெதற்கு? குனியவில்லை. காதில் கீறியது, ரத்தம் கழுத்தில் இறங்கியது. அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அழுதபடியே தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். வெட்டியவன்தான் என் கண்ணைப் பார்க்க முடியாமல் கோணல்மாணலாக வெட்டினான்.

மறுநாள் ஊர்ச் சிறையின் கம்பிக்கு வெளியே நின்று அவரைப் பார்த்தேன். என் தலையைக் கண்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சமாளித்துக்கொண்டார்.

“காது வலிக்குதா?”

“இல்லை.”

“பொய்.”

“வலிக்குது. உங்களுக்கு என் மேல கோவமா?”

“போகச் சொன்னதும் நீ, நில்லுன்னு சொன்னதும் நீ. படையில இப்படி ஒரு தளபதி இருந்திருந்தா பாதிப் பேர் ஓடிப்போயிருப்பாங்க.” கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி என் மொட்டைத் தலையைத் தடவினார். “நீ ஓடிவரலைன்னா கோவில் வரைக்கும் இழுத்திருப்பேன். உனக்காக. வீட்டுக்கும் வந்திருப்பேன். ஆனா நீ கேட்டியே ஒரு ஆள், அவன் வந்திருக்க மாட்டான்.”

அவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் எனக்கு அந்த நிமிஷத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதை எப்படிச் சொல்வது? கல்யாணத்தன்றுகூட அவரை அவ்வளவு நேசித்ததில்லை.

கைதிகளைத் துறைமுகத்துக்கு நடத்திக்கொண்டு போன நாளில் நான் ரொட்டியையும் ஒரு தோல்பை ஒயினையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் வாசலில் நின்றேன். முக்காடு போடவில்லை. வேடிக்கை பார்க்க ஊரே வந்திருந்தது.

“தலையை மூடிக்கம்மா” என்றார் பாதிரியார், தரையைப் பார்த்துக்கொண்டே.

“மறைக்கற மாதிரி நான் எதுவும் செய்யலையே, சாமி.”

“வெக்கம் கெட்டவளே, ஊர் மானம் போகுது, மூடு” என்றார் கோஸ்மே.

“கத்தரி உங்களுது, வெட்டினது உங்க ஆளு. நல்லாப் பாத்துக்கங்க தோன் கோஸ்மே. இந்த ஊர்ல நீங்க செஞ்சு முடிச்ச ஒரே வேலை இதுதான்.”

கைதிகள் வந்தார்கள். என் கணவர் வரிசையில் கடைசி, நொண்டியபடி வந்தார். நான் அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன். காவலுக்கு வந்த சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.

“நீ எங்க போறே?”

“சேவுத்தாவுக்கு.”

“உனக்குத் தண்டனை இல்லையே.”

“தெரியும்” என்றேன். “என்னை யாரும் இழுக்கலை தம்பி. நானே நடந்து வர்றேன்.”