எடுத்துக் கொடுத்தவர்

ஒலிப்பதிவுக் காப்பகத்தில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றி, இரைச்சலைக் கழித்து, குரலை மட்டும் பளிச்சென்று எடுத்துத் தருவாள். ஆனால் ஒரு பழைய மேடை நாடகத்தின் ஒலிநாடாவுக்கு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வசனத்துக்கு வசனம் முந்திக்கொண்டு எவனோ ஒருத்தன் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தான். பாவி, மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று தொலைத்திருக்கிறான்! விடுவாளா அவள்? அத்தனையையும் கழித்துக் கட்டினாள்.

அந்த நாடகக் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் மனைவியோடு ஒலிப்பதிவைக் கேட்க வந்தார்.

"நானும் அதுல இருந்தேன், நானும் இருந்தேன்னு இந்த மனுஷன் சொல்லிச் சொல்லி என் காதே புளிச்சுப் போச்சும்மா. ஒரு போட்டோவுலயும் ஆளைக் காணோம். இன்னிக்குத் தெரிஞ்சுடும்," என்றார் அந்த அம்மா.

நாடகம் ஓடியது. ராஜா பேசினான், ராணி பேசினாள். பெரியவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது.

"நான் இல்லையேம்மா. திரைக்குப் பின்னாடி நின்னு எல்லாருக்கும் வசனம் எடுத்துக் கொடுத்தது நான்தான்."

பாம்புக்காதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயையோ, அந்தப் பாவி இவர்தானா! நல்லவேளை, கழித்ததையும் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு உண்டு. குப்பைக்கு ஒரு பெட்டியா என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அதைத் திறந்தாள்.

ராஜாவும் அவரே, ராணியும் அவரே, வில்லனும் அவரே. நடுவில், "டேய், மீசை கழலுது, பிடிடா!"

அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. இதையும் உங்க பேர் போட்டே காப்பகத்துல வைக்கிறேன்," என்றாள் பாம்புக்காது.

அதற்குள் காதல் காட்சி வந்துவிட்டது. ராஜா வசனத்தை மறந்துவிட்டான் போலிருக்கிறது. "கண்ணே, நீ இல்லையேல் நான் இல்லை... சொல்லித் தொலைடா... கண்ணே, நீ இல்லையேல்..."

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. "ஏங்க, ஊரான் பொண்டாட்டிகிட்ட சொல்லச் சொல்லி இந்தப் பாடு பட்டிருக்கீங்க. கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு தடவை சொன்னீங்களா?"

பெரியவர் நெளிந்தார். "எனக்கு எடுத்துக் கொடுக்க யாரு இருந்தா?"

அந்த அம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டு, அவர் காதருகே குனிந்தார். "கண்ணே," என்று கிசுகிசுத்தார்.

"கண்ணே," என்றார் பெரியவர், கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில்.